கட்டமும் வட்டமும்

கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
பால் வண்டியின் மூடியைத் திறந்து முகர்கிறார்கள்.
வைக்கோல் லாரிக்குள் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள்,
எரிசாராய கேன் தட்டுப்படுமா என்று.
எங்கள் பஸ்ஸைக் கையசைத்து விட்டுவிட்டார்கள்.
மூன்றாம் சீட்டில் நான்,
மடியில் நான்கு சாத்துக்குடி,
இதுவரை பார்த்தே இராத தம்பிக்கு.

பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
"கிட்டுச்சாமி மோளா? அச்சன் வீட்டு விவரம் வேணும்.
இவிடே ஆர்க்கும் அறியில்லா."
கொழிஞ்சாம்பாறையில் அப்பனுக்கு
இன்னொரு அடுப்பு எரிந்தது
எங்களுக்குமே
அவர் எரிந்த பிறகுதான் தெரியும்.

ஷைனி என்று பெயர் சொன்னாள். சின்னப் பெண்.
பென்சிலும் அழிப்பானும் வைத்திருந்தாள்.
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர் மேல் ஒரு சாய்கோடு.
குடித்தவர் என்றால் உள்ளே கறுப்பு.

அப்பாரு, சைக்கிளோடு பி.ஏ.பி. வாய்க்காலில். கறுப்பு.
பெரியப்பன் இரண்டு பேர்,
ஒருவருக்கு ஈரல், ஒருவருக்குக் கயிறு.
நடு அத்தை...
"அவங்க மருந்துன்னு சொல்லித்தான் குடிச்சாங்க."
பென்சில் கொஞ்சம் யோசித்தது.
பிறகு வட்டத்தையும் நிரப்பியது.
சின்னச் சித்தப்பன் மட்டும் வெள்ளை.
"அதெப்படி?"
"ஒரு மடக்குக்கே மூஞ்சி செவந்து வாந்தி எடுத்துருவாரு.
ஊரே சிரிக்கும், இவனெல்லாம் ஆம்பளையான்னு."
"பாக்யவான்," என்றாள்.

"ஒரே ஜீன் இல்ல சேச்சி. நெறைய. எல்லாம் சின்னச் சின்னது.
ஏகதேசம் பாதி ரத்தம். மீதி, வளர்ந்த எடம், கூட்டு, காசு..."
நான் கொப்பரைக் களத்தில் எடை போடுகிறவள்.
ஈரக் கொப்பரையும் காய்ந்த கொப்பரையும்
ஒரே தீக்குச்சிக்கு ஒன்றாகப் பிடிப்பதில்லை.
அதைத்தான் சொல்கிறாள்.
குச்சி யார் கையில் என்று நான் கேட்கவில்லை.

சசீந்திரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.
அப்பனின் காது. அப்படியே அந்தக் காது.
எட்டு மாதக் குழந்தையாக இவனை விட்டுப் போனவர்
காதை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.
நடுங்கும் கையால் டம்ளரை எடுத்தான்.
வெறும் தண்ணீர். மேலே ஊதிவிட்டுத்தான் குடித்தான்.
கள் குடிக்கிற எல்லோரும்தான்
நுரையை ஊதுவார்கள்.
சரி, அது போகட்டும்.

"மொதல் தடவை," என்றான், கேட்காமலே,
"கூட்டாளிங்க எல்லாம் விழுந்துட்டானுங்க.
எனக்கு ஒண்ணும் ஆகல.
எல்லாரையும் வீட்ல கொண்டு விட்டது ஞானா.
பெருமையா இருந்துச்சு சேச்சி."

ஆனைமலைக் கல்யாண மண்டபம்,
சமையற்கட்டுக்குப் பின்னால் பாத்திரக் குவியல்,
யாரோ மிச்சம் வைத்த பாட்டில்.
எனக்குப் பத்தொன்பது வயது.
பந்தயம் கட்டிய வித்யாவதி வாந்தி எடுத்தாள்.
எனக்குத் தலைகூடச் சுற்றவில்லை.
பிறந்ததிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த செக்கு மெஷினை
யாரோ போய் நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.
அது ஓடுகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.
வித்யாவதியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
நேராக, பயந்துபோய்.
அதன்பின் தொடவில்லை. இருபத்தாறு வருடம்.
மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"சேச்சி குடிக்குமா?"
என் வட்டத்துக்கு மேல் பென்சில்.
"இல்லை," என்றேன். உண்மைதான்.
வெள்ளையாக விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவினார்கள்.
என் பையில் சசீந்திரன் திருப்பிக் கொடுத்த ஒரு சாத்துக்குடி,
ஷைனி எடுத்துத் தந்த ஜெராக்ஸ்.
"எந்தா இது?"
"குடும்பம்."
மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

எதிரே கள்ளுக்கடை.
வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்
குப்பியைத் தூக்கி, நுரையை ஊதி...
ஜன்னலைச் சாத்த எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன்.
பஸ் நகர்ந்த பிறகு காகிதத்தைப் பிரித்து
என் வட்டத்தின் குறுக்கே நகத்தால் ஒரு கீறல் போட்டேன்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும்
தெரிகிற அளவுக்கு.